அணை நீர் ஆய்வில் எண் இடறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நீர்த்தேக்கத்தில் மாதிரி எடுக்கும் பருவகாலக் களப் பணியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சில்லறைக் காசில் தீர்பவை: கயிறு, மூடி, காற்றுக் குமிழி, பழைய பஃபர் (பி.எச். எண் முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்). சிக்கல் என்னவென்றால் அவற்றைப் பரிசலில் இருக்கும்போதே பிடித்தாக வேண்டும். மே மாதக் கடைசியில் 20 மீட்டர் ஆழத்தில் இருந்த தண்ணீரை ஜூலையில் போய் மறுபடி அள்ள முடியாது.

இங்குள்ள உதாரணங்கள் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தை மனதில் வைத்துச் சொல்பவை. முழு மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன் ஒரு சுற்று, காவிரியில் புது வெள்ளம் வந்தபின் ஒரு சுற்று, வடகிழக்குப் பருவமழையில் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வைகை, பவானிசாகர், பூண்டி எல்லாவற்றுக்கும் இதே வழிதான். நீலகிரி அணைகளில் மட்டும் காற்றழுத்தக் கணக்கு மாறும். அது உரிய இடத்தில் வரும்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் ஐந்து நிமிடம்

1. ப்ரோப்பின் (கேபிளில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கும் அளவுக் கருவி) போக்குவரத்து மூடி கழற்றப்பட்டிருக்கிறதா? சிரிக்க வேண்டாம். பி.எச். முனையின் ஈர மூடியோடு 15 மீட்டர் இறக்கியவர்கள் நிறையப் பேர்.
2. பேட்டரி அளவு. திரை ஒளிர்ந்தாலே போதும் என்று விடாதீர்கள். மின்னழுத்தம் குறையும்போது எண்கள் தள்ளாடத் தொடங்கிவிடும்.
3. கருவி காட்டும் வெப்பநிலையை ஒரு கண்ணாடி வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பி.எச். (அமில-காரத் தன்மை), கடத்துதிறன் (தண்ணீர் மின்சாரம் கடத்தும் அளவு), ஆக்ஸிஜன் மூன்றுமே தப்பாக வரும், ஏனென்றால் மூன்றும் வெப்பநிலையை வைத்துத்தான் திருத்திக்கொள்கின்றன. இதைக் களத்தில் சரிசெய்ய முடியாது. சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதுதான்.
4. அலகு என்ன வைத்திருக்கிறது? யாரோ பித்தானை அழுத்தி மி.கி./லி. என்பதைச் சதவீதமாக மாற்றியிருப்பார்கள்.
5. சந்தேக எண்ணை அழிக்காமல் களப் புத்தகத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் என்ன செய்தீர்கள், பிறகு என்ன எண் வந்தது என்று குறியுங்கள்.

## பி.எச். எண் நிற்காமல் ஓடுகிறது

இரண்டு நிமிடம் கழித்தும் இரண்டாம் தசம இடம் ஓடிக்கொண்டே இருந்தால்: முனை காய்ந்திருக்கலாம். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரமாவது ஊற வையுங்கள். ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் நல்லது. டிஸ்டில்ட் வாட்டரில் மட்டும் ஊற வைக்காதீர்கள். முனைக்குள்ளிருக்கும் உப்பை அது வெளியே இழுத்துவிடும். இந்தக் கோளாறை உண்டாக்கும் காரணங்களிலேயே முதலாவது அந்தப் பழக்கம்தான்.

ஊற வைத்தும் மெதுவாகத்தான் நகர்கிறது என்றால்: குமிழ் மேல் பாசிப் படலம். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், பிறகு நிறையத் தண்ணீர். சுண்ணாம்புப் படிவு போல வெண்மை தெரிந்தால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம். அதன்பின் மறுபடி பொட்டாசியம் குளோரைடு.

எதில் வைத்தாலும் 7.00 அருகிலேயே நின்றால்: குமிழில் விரிசல், அல்லது கனெக்டரில் ஈரம். கனெக்டரைக் கழற்றித் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். மாறாவிட்டால் முனை செத்தது.

எண் நிலையாக நிற்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை என்றால் மில்லிவோல்ட் திரைக்குப் போங்கள். 7 பஃபரில் பூஜ்ஜியத்துக்கு இருபுறமும் 30 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 4 பஃபரில் வரும் எண்ணுக்கும் 7 பஃபரில் வரும் எண்ணுக்கும் இடைவெளி 165 முதல் 180 மில்லிவோல்ட். இடைவெளி 160-க்குக் கீழே போய்விட்டால் எத்தனை முறை கேலிபரேட் செய்தாலும் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்தாலும்) வீண். புது முனை வாங்குங்கள். கருவி 'கேலிபரேஷன் சரி' என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சில கருவிகள் எதையும் சரி என்றுதான் சொல்லும்.

பஃபரிலும் ஒரு கண்ணி உண்டு. புட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் 25 டிகிரிக்கானது. மே மாத மதியம் மேட்டூர்க் கரையில் பஃபர் 35 டிகிரியில் இருக்கும். அப்போது 7.00 என்பது 6.98, 10.01 என்பது 9.93. தானாகத் திருத்தும் கருவியானால் பிரச்சினை இல்லை. கையால் எண்ணைப் பதிபவர்கள் புட்டியின் பக்கவாட்டு அட்டவணையைப் பார்த்துப் பதியுங்கள்.

மேற்பரப்பில் 9-க்கு மேல் காட்டுகிறது. கருவி தப்பா, தண்ணீர் அப்படியா? பாசி படர்ந்த நாளில், வெயில் ஏறியபின், 9.2 என்பது உண்மையாகவே இருக்கலாம். பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறும். அடையாளம் எளிது: அதே இடத்தில் ஆக்ஸிஜன் நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தால் எண்ணை நம்பலாம். பி.எச். உயரமாகவும் ஆக்ஸிஜன் தாழ்வாகவும் இருந்தால் முனையைச் சந்தேகியுங்கள். இன்னொரு சோதனை, மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் அளப்பது. பாசி காரணம் என்றால் எண் இறங்கியிருக்கும்.

களத்தில் 7.3, ஆய்வகத்தில் 7.8: இரண்டும் சரி. அடித்தண்ணீரில் கரைந்திருந்த கரியமில வாயு வழியில் வெளியேறிவிட்டது. அறிக்கையில் களத்து எண்ணைப் போடுங்கள். பி.எச். விஷயத்தில் ஆய்வக எண்ணுக்கு மரியாதை கொடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

## கரைந்த ஆக்ஸிஜன் எண் ஒத்துவரவில்லை

ஈரக் காற்றில் வைத்தும் 100% காட்டவில்லை: கேலிபரேஷன் கோப்பையில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர், மூடி தளர்வாக, சென்சார் முகத்தில் துளி ஏதும் ஒட்டாமல், நிழலில் பத்து நிமிடம். வெயிலில் வைத்தால் கோப்பைக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், எண் நிற்காது. மூடியை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடிவிடும்.

அடுத்து காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம். மேட்டூர் சுமார் 240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 739 வாக்கில். நீலகிரியில் 2,000 மீட்டர் உயரத்தில் 596-தான். வானிலைச் செயலி காட்டும் அழுத்தம் கடல் மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. அதை அப்படியே பதிந்தால் மேட்டூரில் மூன்று சதவீதம் பிசகும், நீலகிரியில் இருபது சதவீதத்துக்கு மேல். 30 டிகிரித் தண்ணீரில் கடல் மட்டத்தில் முழுச் செறிவு 7.56 மி.கி./லி., மேட்டூரில் 7.35. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிச் சந்தேகம் பரிசலிலேயே தீரும்.

அடியில் பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் 0.3, 0.4 என்று நிற்கிறது: சென்சாரின் பூஜ்ஜியப் புள்ளி தப்பியிருக்கலாம். 500 மி.லி. தண்ணீரில் 8 முதல் 10 கிராம் சோடியம் சல்ஃபைட் கலந்து, வாய்வரை நிரப்பி மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள். அதில் சென்சாரை வைத்துப் பத்து நிமிடத்தில் 0.1-க்குக் கீழே வர வேண்டும். வந்தால் சென்சார் நல்லது, அணையின் அடியில் உண்மையிலேயே கொஞ்சம் ஆக்ஸிஜன் இருக்கிறது. வராவிட்டால் பூஜ்ஜியக் கேலிபரேஷன் செய்யுங்கள். சல்ஃபைட்டை நன்றாகக் கழுவாமல் அடுத்த இடத்துக்குப் போனால் அங்கேயும் எண் தாழ்ந்துதான் வரும்.

இறக்கும்போது ஒரு எண், ஏற்றும்போது வேறு எண்: அவசரம்தான் காரணம். ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சவ்வு வைத்த பழைய வகைக்கு நீரோட்டமும் தேவை. அசையாத தண்ணீரில் தன் முகத்துக்கு எதிரே உள்ள ஆக்ஸிஜனைத் தானே தின்றுவிட்டு, குறைத்துக் காட்டும். கேபிளை மெல்ல ஒரு சாண் ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். ஒளியால் அளக்கும் புது வகைக்கு அது வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஏற்ற எண்ணும் இறக்க எண்ணும் 0.5-க்கு மேல் விலகினால், நீங்கள் அடுக்கு மாறும் இடத்தில் நிற்கிறீர்கள்; அதாவது மேல் சூட்டுத் தண்ணீரும் கீழ்க் குளிர்த் தண்ணீரும் சந்திக்கும் அடுக்கு. அந்த இடத்தில் மட்டும் அரை மீட்டருக்கு ஒரு அளவு எடுங்கள். நம் ஊர் அணைகளில் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு டிகிரிதானே வித்தியாசம் என்று அலட்சியம் வேண்டாம். 30 டிகிரி வாக்கில் ஒரு டிகிரி மாறினால் தண்ணீரின் அடர்த்தி மாறும் அளவு, 10 டிகிரியில் மாறுவதைப்போல் மும்மடங்கு. குளிர்நாட்டுக் கையேடுகளைப் பார்த்து 'மீட்டருக்கு ஒரு டிகிரிக்குக் கீழே என்றால் அடுக்கு இல்லை' என்று எழுதிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு.

எண் குதிக்கிறது, அல்லது மைனஸில் போகிறது: சவ்வு வகையில் சவ்வுக்குள் குமிழி, சுருக்கம், கிழிசல். சவ்வையும் உள்ளிருக்கும் கரைசலையும் மாற்றி, அரை மணி நேரம் விட்டுக் கேலிபரேட் செய்யுங்கள். ஒளி வகையில் சென்சார் தொப்பியின் வண்ணப்பூச்சில் கீறல் இருக்கிறதா பாருங்கள். தொப்பி காய்ந்து கிடந்திருந்தால் ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்துப் பாருங்கள். ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம்தான் பொதுவாக அதன் ஆயுள். புதுத் தொப்பி போட்டும் தீரவில்லை என்றால் உள்ளே எல்.ஈ.டி. அல்லது சர்க்யூட், அது தயாரிப்பாளரின் சர்வீஸ் வேலை.

## விங்க்லர் முறை முரண்டு பிடிக்கிறது

விங்க்லர் என்பது ரசாயனம் ஊற்றிக் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் முறை. கருவியைச் சந்தேகிக்கும் நாளில் கடைசி நீதிமன்றம் இதுதான். 300 மி.லி. பி.ஓ.டி. புட்டி (ஆக்ஸிஜன் ஆய்வுக்கான மூடியிட்ட கண்ணாடிப் புட்டி), மாங்கனஸ் சல்ஃபேட் 2 மி.லி., ஆல்கலி அயோடைடு அசைடு 2 மி.லி., குலுக்கிப் படியவிட்டு, மறுபடி குலுக்கிப் படியவிட்டு, அடர் கந்தக அமிலம் 2 மி.லி. அதில் 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்தால் (சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளுத்ததும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும்வரை அளந்தால்), செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு ஒரு மி.கி. ஆக்ஸிஜன். கருவியும் இதுவும் 0.3-க்குள் ஒத்துப்போக வேண்டும்.

படிவு பழுப்பாகாமல் வெள்ளையாக நிற்கிறது: ஆக்ஸிஜன் இல்லை, அல்லது ரசாயனம் கெட்டது. மேற்பரப்புத் தண்ணீரில் அதே புட்டிகளிலிருந்து ஊற்றிப் பாருங்கள். அங்கே பழுப்பு வந்தால் ரசாயனம் சரி. அடித்தண்ணீர் மூச்சுமுட்டிக் கிடக்கிறது.

படிவே வரவில்லை: ஒரே ரசாயனத்தை இரண்டு தரம் ஊற்றியிருக்கிறீர்கள். பிப்பெட்டுகளுக்கு இரண்டு வண்ணத்தில் டேப் ஒட்டுங்கள்.

அமிலம் ஊற்றியும் படிவு கரையவில்லை: அரை மி.லி. அமிலம் சேருங்கள். அப்போதும் பழுப்புத் துகள் மிதந்தால் அது வண்டல், விட்டுவிடலாம்.

நிறம் போனபின் சில விநாடிகளிலேயே நீலம் திரும்புகிறது: நைட்ரைட். அசைடு பழசாகிப்போனதால் அதை அடக்கவில்லை, புதிதாகத் தயாரியுங்கள். நிமிடக்கணக்கில் கழித்துத் திரும்பினால் பொருட்படுத்த வேண்டாம், காற்று செய்யும் வேலை.

நீலத்துக்குப் பதில் செம்மை கலந்த ஊதா: ஸ்டார்ச் புளித்துவிட்டது. மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறம் வருமுன்பே ஸ்டார்ச்சை ஊற்றினாலும் முடிவுப் புள்ளி இழுத்தடிக்கும்.

கருவியைவிட இது எப்போதும் அதிகமாக வருகிறது: புட்டியை நிரப்பும் முறையில் பிழை. ரப்பர்க் குழாயின் நுனி புட்டியின் அடியைத் தொட வேண்டும். புட்டியின் கொள்ளளவு இரண்டு மூன்று மடங்கு வழிந்தோட விட்டு, குழாயை மெல்ல உருவ வேண்டும். மூடியபின் கழுத்தடியில் கடுகளவு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

அழுகிய முட்டை வாடை வரும் தண்ணீர்: ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் இடத்தில் ஆக்ஸிஜன் இருக்காது. டைட்ரேஷன் என்ன சொன்னாலும் பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள். பரிசலில் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காருங்கள்.

அமிலம் சேர்த்து நிலைப்படுத்திய புட்டியை இருட்டில் வைத்து 8 மணி நேரத்துக்குள் டைட்ரேட் செய்துவிடுங்கள். அசைடு கரைசலை எக்காரணம் கொண்டும் நேரடியாக அமிலத்தோடு ஒரே கழிவுக் குடுவையில் கொட்டாதீர்கள். விஷ வாயு கிளம்பும். இந்தக் கழிவை அப்புறப்படுத்துவது ஆய்வக வேதியியலாளர் பொறுப்பு, களத்தில் முடிக்கும் வேலை இல்லை.

## சாம்ப்ளர் திறந்தபடியே மேலே வருகிறது

சாம்ப்ளர் என்பது வேண்டிய ஆழத்தில் தண்ணீரை அள்ளி மூடிக்கொள்ளும் குழாய். முதலில் கயிற்றைப் பாருங்கள். ஆழக் குறிக்காக ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தால், மூடிகளை அடைக்கக் கயிற்றில் ஓடவிடும் எடை (மெசஞ்சர்) அந்த முடிச்சில் தட்டி நின்றிருக்கும். முடிச்சுகளை அவிழ்த்துவிட்டுப் பெயிண்டால் குறியுங்கள். இந்த ஒன்றிலேயே பத்துக்கு ஏழு கேஸ் தீரும்.

அடுத்து எடை இறங்கும் ஓசை. கயிற்றை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டால், அது போய் இடிக்கும் அதிர்வு விரலில் தெரியும். தொடர்ந்து மூடிகள் அடைபடும் இரண்டாவது அதிர்வு. முதல் அதிர்வு வந்து இரண்டாவது வராவிட்டால் விசைக் கொக்கியில் மணல், அல்லது ரப்பர் தளர்ந்துவிட்டது. ரப்பரை மாற்றுங்கள், வெயிலில் கிடந்த ரப்பர் ஒரு பருவம்கூடத் தாங்காது. முதல் அதிர்வே வரவில்லை என்றால் கயிறு சாய்ந்திருக்கிறது.

மூடித்தான் வருகிறது, ஆனால் தண்ணீரின் வெப்பநிலை ப்ரோப் காட்டிய எண்ணோடு ஒத்துவரவில்லை: மேலே வந்த உடனே சாம்ப்ளருக்குள் வெப்பமானியை விடுங்கள். 20 மீட்டர்த் தண்ணீர் 26 டிகிரி என்று ப்ரோப் சொல்லி, சாம்ப்ளர் 29 காட்டினால், அது பாதி வழியிலேயே மூடிவிட்டது, அல்லது மூடி கசிந்து வழியெல்லாம் மேல்தண்ணீர் கலந்துவிட்டது. கரையில் நிரப்பித் தொங்கவிட்டுச் சொட்டுகிறதா என்று பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

ஆழமே தப்பு: பரிசலுக்கு இது தீராத வியாதி. காற்றில் சுழன்று நகரும்போது கயிறு சாய்கிறது. 30 டிகிரி சாய்ந்தால் 20 மீட்டர்க் கயிறு 17.3 மீட்டர்தான் இறங்கியிருக்கும். 15 டிகிரி என்றால் 19.3. அடியில் எடையைக் கூட்டுங்கள், பரிசலை நங்கூரமிடுங்கள். இரண்டும் முடியாவிட்டால் ஆழத்தை அழுத்த சென்சார் எண்ணிலிருந்து எடுங்கள். அந்த சென்சாரை அன்றன்று காலை, அணையின் மட்டத்திலேயே, காற்றில் வைத்துப் பூஜ்ஜியமாக்கியிருக்க வேண்டும்.

சாம்ப்ளரில் சேறு: போன மாதம் 25 மீட்டரில் நல்ல தண்ணீர் கிடைத்த அதே இடம். நடுவில் மட்டம் 100 அடியிலிருந்து 80 அடிக்கு வந்திருந்தால் ஆழத்தில் 6.1 மீட்டர் போய்விட்டது. தினமும் காலை அணை மட்டத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடி மாதிரியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே எடுங்கள். சேற்றைக் கலக்கிவிட்டால் அந்த இடத்தில் உடனே மறுபடி இறக்காதீர்கள், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போங்கள். சேறு கலந்த தண்ணீரில் இரும்பு, மாங்கனீசு, பாஸ்பரஸ் எல்லாம் எகிறும். வடிகட்டினால் சரியாகிவிடும் என்பது நப்பாசை.

## கடத்துதிறன் திடீரென்று குறைகிறது அல்லது ஆடுகிறது

- சென்சார் குழிக்குள் குமிழி: ப்ரோப்பைத் தண்ணீருக்குள் சாய்த்து இரண்டு தட்டு. முக்கால்வாசி நேரம் இதுதான்.
- ஆயிரம் மடங்கு வித்தியாசம்: மில்லிசீமென்ஸ், மைக்ரோசீமென்ஸ் குழப்பம்.
- பத்து சதவீத வாக்கில் அதிகம்: 25 டிகிரிக்குத் திருத்தும் வசதி அணைந்திருக்கிறது. டிகிரிக்கு ஏறத்தாழ 2%, எனவே 30 டிகிரித் தண்ணீரில் 10%.
- உலர்ந்த சென்சார் காற்றில் பூஜ்ஜியம் காட்டவில்லை: குழிக்குள் ஈரமோ உப்போ இருக்கிறது. பிரஷ்.
- 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடில் (லிட்டருக்கு 0.7456 கிராம்) 25 டிகிரியில் 1,413 மைக்ரோசீமென்ஸ் வர வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் தப்பினால், கேலிபரேட் செய்யுமுன் புதுப் புட்டி திறந்து பாருங்கள். ஸ்டாண்டர்டே கெட்டிருப்பதுதான் அதிகம்.

ஒரே ப்ரோப்பில் எல்லா சென்சாரும் இருந்தால் கடத்துதிறனை முதலில் கேலிபரேட் செய்யுங்கள், பி.எச்.-ஐப் பிறகு. பஃபர் முழுக்க உப்பு; கோப்பையில் அதன் மிச்சம் இருந்தால் 1,413 என்பது 1,413 ஆக இருக்காது.

## கலங்கல் எண்ணும் கண்ணும் ஒத்துவரவில்லை

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை நேராகக் கருவியில் வைத்தால் கண்ணாடிக் குப்பிக்கு வெளியே வியர்க்கும், எண் இரட்டிப்பாகும். அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் துடைத்து வையுங்கள். கீறல் விழுந்த குப்பிக்குச் சிலிகான் எண்ணெய் ஒரு துளி தடவித் துடைக்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் தூக்கிப் போடுங்கள். செக்கி தட்டு (தண்ணீரின் தெளிவை அறிய, கண்ணுக்கு மறையும்வரை இறக்கும் 20 செ.மீ. விட்டத் தட்டு) பார்ப்பவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாரா, படகின் நிழல் பக்கம் பார்த்தாரா என்று கேளுங்கள். கலங்கல் குறைவாகவும் செக்கி ஆழமும் குறைவாகவும் இருந்தால் பாசி திட்டுத்திட்டாக மிதக்கிறது என்று அர்த்தம். உங்கள் குப்பியில் திட்டு விழவில்லை, அவ்வளவுதான்.

## ஆய்வக முடிவு வந்தது, எண்கள் அபத்தமாக இருக்கின்றன

மும்மடங்கு அல்லது நாலரை மடங்கு வித்தியாசம்: பாஸ்பேட்டாகவா, பாஸ்பரஸாகவா? இரண்டுக்கும் இடையே 3.07 மடங்கு. நைட்ரேட்டுக்கும் நைட்ரேட்-நைட்ரஜனுக்கும் 4.43. ஆய்வகத்துக்கு ஒரு போன் போட்டால் தீரும்.

ஒரே ஒரு புட்டியில் நைட்ரேட் ஆயிரக்கணக்கில்: உலோகங்களுக்கான நைட்ரிக் அமிலப் புட்டியில் எடுத்திருக்கிறீர்கள். லிட்டருக்கு 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் மட்டுமே ஏறத்தாழ 2,000 மி.கி. நைட்ரேட். அந்தப் புட்டி போனது போனதுதான். மூடிகளுக்கு வண்ண டேப் ஒட்டுங்கள்: நைட்ரிக் ஒன்று, சல்ஃப்யூரிக் ஒன்று, அமிலம் இல்லாதது ஒன்று.

வெற்று மாதிரியிலேயே (தூய தண்ணீர் மட்டும் நிரப்பிய ஒப்பீட்டுப் புட்டி) பாஸ்பேட், அம்மோனியா: வரிசையாகப் பாருங்கள். முதலில் தண்ணீர். பெட்ரோல் பங்கில் வாங்கிய பேட்டரி தண்ணீரை டிஸ்டில்ட் வாட்டர் என்று நம்பிக் கொண்டுவந்திருப்பார்கள். கடத்துதிறன் 5 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் வேண்டாம். கேன் தண்ணீர் கூடவே கூடாது. இரண்டாவது, புட்டி கழுவிய சோப்பு. பாஸ்பேட் புட்டிக்கு 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும். மூன்றாவது, கை: வியர்வை, புகையிலை. நான்காவது ஐஸ். மீன் கடை ஐஸைப் பெட்டியில் கொட்டி, அது உருகி, அதில் புட்டிகள் கழுத்தளவு மிதந்தால் அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டியதில்லை. ஐஸைத் தனிப் பையில் கட்டி, புட்டிகளைப் பாலிதீன் பையில் நிமிர்த்தி வையுங்கள்.

அடித்தண்ணீரில் பாஸ்பேட் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு: இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாத அடித்தண்ணீர் மேலே வரும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். புட்டியில் காற்றுப் பட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் மெல்ல மஞ்சளாகி, பிறகு அடியில் துருத்தூள்போல் படியும். கரைந்திருந்த இரும்பு துருவாக மாறுகிறது. போகிற போக்கில் பாஸ்பேட்டையும் தன்னோடு ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. சாயங்காலம் கரைக்கு வந்து வடிகட்டினால் துரு வடிதாளில் தங்கிவிடும், பாஸ்பேட்டும் அதோடு போய்விடும். ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இல்லாததை அளக்க முடியாது. வழி ஒன்றுதான்: சாம்ப்ளரிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி, பரிசலிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே தள்ளுங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் அழுத்தி முறுக்காமல் புதிது போடுங்கள். கிழிந்த வடிகட்டி சொல்லிக்கொள்ளாமல் வேலை செய்யும். முதல் பத்து மி.லி. கொட்டிவிட வேண்டும். கரைந்த பாஸ்பேட்டை 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும்.

கரைந்த உலோகங்களுக்கும் இதே வரிசை: முதலில் வடிகட்டு, பிறகு அமிலம். தலைகீழாகச் செய்தால் வண்டலில் இருப்பதையும் கரைத்து எண்ணிவிடுவீர்கள்.

அயனிச் சமன் (நேர் அயனிகளின் கூட்டும் எதிர் அயனிகளின் கூட்டும் ஒத்துப்போவது) 5 சதவீதத்துக்குள் வரவில்லை: எல்லாவற்றையும் மில்லிஈக்விவலன்ட்டுக்கு (மின்னூட்டத்தை எண்ணும் அலகு) மாற்றி, நேர் அயனிக் கூட்டுத்தொகையை நூறால் பெருக்குங்கள், மைக்ரோசீமென்ஸில் கடத்துதிறன் ஏறத்தாழ வர வேண்டும். வந்தால் பிழை எதிர் அயனிப் பக்கம். அங்கே முதல் குற்றவாளி காரத்தன்மை: கால்சியம் கார்பனேட்டாகச் சொல்லப்பட்ட 150 மி.கி.யை 50-ஆல் வகுக்க வேண்டும், 3.0 வரும். பைகார்பனேட் என்று நினைத்து 61-ஆல் வகுத்தால் 2.46. கணக்கு சரியாக இருந்தும் காரத்தன்மை குறைவென்றால் புட்டியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பாசி நாளில் எடுத்த உயர் பி.எச். தண்ணீரில் வழியிலேயே சுண்ணாம்பு படியும், சொரசொரப்பாக. அத்தகைய நாளில் கரையிலேயே டைட்ரேட் செய்யுங்கள்: 50 மி.லி. மாதிரி, 0.02 நார்மல் கந்தக அமிலம், பி.எச். 4.5 வரை, செலவான மி.லி. பெருக்கல் 20.

இத்தனைக்கும் பிறகு ஒத்துவராவிட்டால், அதே தண்ணீரை இரண்டாகப் பிரித்து இன்னொரு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகார ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சர்ச்சையை வாயால் தீர்க்க முயல வேண்டாம்.

## ப்ரோப் மேலே வந்ததும் திரை இருண்டது

கேபிள் கனெக்டர் பின்களைப் பாருங்கள். பச்சைத் துரு இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பஞ்சும். ஓ-வளையத்தில் முடி, மணல், வெடிப்பு இருந்தால் மாற்றி, மெலிதாகச் சிலிகான் கிரீஸ். வேறு கேபிளில் மாட்டினால் ஓடுகிறதென்றால் கேபிள்தான். நடுவில் அறுத்து ஒட்டுப் போடாதீர்கள், பத்து மீட்டர் ஆழத்தில் ஒட்டு தாங்காது.

பேட்டரி அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கவனம். ஈரமான பேட்டரி வாயுவை உண்டாக்கும். மூடி தோட்டாபோல் தெறிக்கலாம். முகத்துக்கும் மற்றவர்களுக்கும் எதிர்ப்புறமாகப் பிடித்து, மெல்லத் தளர்த்தி, வாயு போனபின் திறங்கள். பேட்டரியை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, திரும்ப இயக்கிப் பார்க்காமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள். 'ஒரு தரம் போட்டுப் பார்ப்போம்' என்பதில்தான் சர்க்யூட் எரியும்.

அனுப்பும் பெட்டியில் ஒரு தாள் வையுங்கள்: வரிசை எண், கடைசியாகக் கேலிபரேட் செய்த தேதி, அப்போது 7, 4 பஃபர்களில் வந்த மில்லிவோல்ட், எந்த ஆழத்தில் செயலிழந்தது, தண்ணீர் எங்கே தெரிந்தது. பி.எச். முனையைக் கழற்றி, பொட்டாசியம் குளோரைடு மூடி போட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.